மஞ்சள் பூசிய வலப்பக்கம்

எங்கள் தெருவில் யாரும் அந்த அக்காவிடம் வானிலை பற்றிப் பேச மாட்டார்கள். "சாயங்காலம் மழை வரும்போல இருக்கு" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர முடியாது.

"பாத்ததா, நெனச்சதா?" என்று கேட்பார்.

சாயங்கால மழையைக் காலையில் எப்படிப் பார்ப்பது? "நெனச்சதுதான்" என்று ஒப்புக்கொண்டால், "அப்படிச் சொல்லணும்" என்று நம்மைத் திருத்திவிட்டு, உடனே மாடிக்குப் போய்க் காய்ந்த துணியை எடுத்துவிடுவார். நினைத்ததை அவர் நம்பாமல் இருந்ததில்லை. அது நினைத்ததுதான் என்று முதலில் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

என் மனைவி ஒருமுறை, "தண்ணி லாரி ஜங்ஷனுக்கு வந்துடுச்சாம்க்கா" என்று சொல்லி மாட்டிக்கொண்டாள். "பாத்தியாம்மா?" "டிரைவர் போன்ல சொன்னான்." "அவன் ஜங்ஷனப் பாத்துகிட்டே சொன்னானா, வந்துடுவோம்னு நெனச்சிச் சொன்னானா?" லாரி முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. அதன்பிறகு என் மனைவி அக்காவைக் கண்டால் தலையாட்டிச் சிரிப்பதோடு நிறுத்திக்கொண்டாள். சிரிப்பைப் பற்றி யாரும் விசாரிக்க முடியாதல்லவா.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தார். ஒரு தொழிற்சாலையின் டிராயிங் பிரிவில் இயந்திர பாகங்களுக்கு வரைபடம் வரைந்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச், மற்ற நேரமெல்லாம் கார் ஷெட். ஷெட்டில் கார் கிடையாது. அங்கே அவர் மோட்டார் சைக்கிள் செய்துகொண்டிருந்தார்.

'செய்துகொண்டிருந்தார்' என்பதைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். பழைய வண்டியை வாங்கிப் பளபளப்பாக்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஜி.எஸ்.டி. ரோட்டை அதிர வைக்கிறவர்கள் தாம்பரம் பக்கம் நிறையப் பேர் உண்டு. அக்கா அந்த ஜாதி இல்லை. நூறு வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் ஏதோ ஒரு சிற்றூரில் ஒரு சைக்கிள் கடைக்காரர் பத்துப் பன்னிரண்டு மோட்டார் சைக்கிள் செய்திருப்பார். கடை மூடியிருக்கும். வண்டியெல்லாம் பழைய இரும்புக்குப் போயிருக்கும். ஒரே ஒரு புகைப்படம் மிஞ்சியிருக்கும். அந்தப் படத்தை மேஜையில் ஒட்டி, டிவைடரால் அளந்து, வெறும் குழாயிலிருந்து தொடங்கி அந்த வண்டியை மறுபடியும் செய்வார். ஓடவும் ஓடும். எனக்குத் தெரிந்த பதினோரு வருடத்தில் மூன்று வண்டி.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் காலத்து விளம்பரப் படங்களில் வண்டியை ஒரு பக்கமாக நிறுத்தித்தான் எடுப்பார்கள். அக்காவுக்குக் கிடைத்த மூன்று படங்களிலும் இடப்பக்கம்தான் தெரிந்தது. வலப்பக்கத்தில் என்ன இருந்தது என்பது வண்டியைச் செய்தவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். இருவரும் பதில் எழுதுகிறவர்கள் இல்லை. நானாக இருந்தால் தோன்றியதைச் செய்து வைத்து மேலே கறுப்பு அடித்துவிடுவேன். அக்கா, படத்தில் பார்த்துச் செய்த பாகத்துக்குக் கறுப்பு அடிப்பார். ஊகித்துச் செய்த பாகத்துக்கு மஞ்சள், சுத்தமான ஆட்டோ மஞ்சள். ஆக, இடப்பக்கம் நின்று பார்த்தால் மனதை அள்ளுகிற பழங்கால வண்டி. சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தால் மெட்ரோ வேலை நடக்கிற இடம்.

இரும்புலியூரில் அவருக்குப் பாகங்கள் கடைந்து கொடுத்த லேத்து பட்டறைக்காரர் இதைப் பார்த்துத் தாங்க முடியாமல் தவிப்பார். ஒருநாள் நானும் உடன் இருந்தேன்.

"இன்னா மேடம் இது, இந்தப் பக்கம் மஞ்சக்காமாலை வந்த மாதிரி கீது? கறுப்பு அட்ச்சி வுடுங்க மேடம். எவன் வந்து கேக்கப் போறான்?"

"யாரும் கேக்க மாட்டாங்க. அதனாலதான் மஞ்சள்" என்றார் அக்கா.

பட்டறைக்காரர் என்னைப் பார்த்தார். "சார், நீங்களாச்சும் சொல்லுங்க சார். ஒரு நட்டுக்கு மூணு டிராயிங் குடுக்குறாங்க. இத்த வெச்சிகினு நான் ஏரோப்ளேனே செஞ்சிடுவேன்." நான் பண்போடு சிரித்துவைத்தேன். மனதுக்குள் நான் பட்டறைக்காரர் கட்சி.

வேலையில் இருந்தபோதும் அவர் இப்படித்தான் இருந்திருக்கிறார். ஒரு வரைபடத்தில் விடுபட்டிருந்த அளவை உத்தேசமாகப் போட்டுக்கொடுக்கச் சொன்னார்களாம். அந்த இடத்தில் 'தெரியவில்லை' என்று அழகான எழுத்தில் எழுதி அனுப்பியிருக்கிறார். மெமோ வந்தது. "வாங்கிக்கிட்ட நேரம் போடச் சொன்னாங்க தம்பி. அந்த ரூம்ல கடிகாரம் இல்ல. அதனால நேரம் தெரியவில்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்" என்றார். விருப்ப ஓய்வில் விருப்பம் யாருடையது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வேளச்சேரி ரோட்டில் ஒரு காலை அவரை டிராஃபிக் போலீஸ்காரர் நிறுத்தினார். அக்கா புடவையைத் தூக்கிச் செருகி, ஹெல்மெட் போட்டு, பெடல் மிதித்துக் கிளப்புகிற தன் வண்டி ஒன்றில் வந்துகொண்டிருந்தார். நான் பின்னால் ஸ்கூட்டரில் வந்தேன், வண்டி நின்றுபோனால் தள்ளுவதற்கு.

"ஆர்.சி. புக் எடும்மா."

"இதுக்குக் கிடையாது சார். இது வண்டி இல்ல, வண்டியோட நகல்."

"நகலுக்கு மட்டும் தண்ணி ஊத்தியா ஓட்றீங்க? பெட்ரோல்தானே?" என்றார் போலீஸ்காரர்.

அக்கா கொஞ்சம் யோசித்தார். "நீங்க சொல்றது சரி" என்று இறங்கி, ராஜகீழ்ப்பாக்கம் வரை தள்ளிக்கொண்டே வந்தார். அதன்பிறகு எங்கள் காலனியின் உள்தெருக்களைத் தாண்டி ஓட்டவில்லை. வாதத்தில் தோற்றால் தோல்வியை அப்படியே வாங்கிக்கொள்கிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கல்யாணமானவர்களிடையே நிச்சயமாக இல்லை.

என் பங்குக்கு நான் அவருக்குக் கடிதம் எழுதிக்கொடுத்தேன். இங்கிலாந்தில் பழைய மோட்டார் சைக்கிள் பைத்தியங்களின் சங்கம் ஒன்று மாதம் ஒரு செய்தி மடல் அச்சிட்டது. அக்கா அதற்குச் சந்தாதாரர். அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் மடிக்கணினியில் ஆங்கிலத்தில் தட்டி, அவர் பெயரில் அனுப்புவேன். ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் யாரும் படிக்காத கையேடுகளை எழுதுவது என் பிழைப்பு. யாரோ படிக்கிற ஒன்றை எழுதுவது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மூன்றாவது வண்டிதான் அவருடைய உயிர். அதன் வலப்பக்கம் நான்கு மாதம் அவரைத் தூங்கவிடவில்லை. இன்ஜினுக்குத் தீப்பொறி தருகிற மாக்னெட்டோ என்ற சின்னப் பெட்டியைச் சுழற்றியது செயினா, பல்சக்கரமா? கடைசியில் செயின் என்று முடிவு செய்தார். அலுமினியக் குண்டான் மூடி ஒன்றை வெட்டித் தட்டி, மாங்கொட்டை வடிவத்தில் செயினுக்கு ஒரு மூடி செய்தார். மஞ்சள் அடித்தார்.

இனி கதைக்குள் நான் வருகிறேன்.

எங்கள் அலுவலகத்தில் பாரம்பரிய தினம் என்று ஒன்று கொண்டாடினார்கள். ஆளுக்கொரு குடும்பப் பழம்பொருளைக் கொண்டுவந்து காட்சிக்கு வைக்க வேண்டும். ஒருவர் கிராமபோன் என்றார், ஒருவர் வெள்ளி வெற்றிலைப் பெட்டி என்றார். என் தாத்தா எங்களுக்கு விட்டுச்சென்றது சர்க்கரை வியாதி ஒன்றைத்தான். அதை மேஜைமேல் வைக்க முடியாது. மேனேஜர் கேட்டபோது என் வாய், என்னைக் கலந்துகொள்ளாமல், "எங்க தாத்தாவோட மோட்டார் சைக்கிள் இருக்கு சார்" என்றது.

அக்காவிடம், ஆபீஸ் விழாவில் வைக்க ஒருநாள் வண்டி வேண்டும் என்றேன். உடனே சரி என்றார். ஓர் அட்டையில் தன் கையால் எழுதிக்கொடுத்தார்: 'நகல். ராஜகீழ்ப்பாக்கத்தில் செய்தது. மஞ்சள் பாகங்கள் ஊகம்.' மினி லாரியில் ஏற்றும்போது, "அட்டையைத் தெரியிற மாதிரி வை தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அட்டை என் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது. அலுவலகத்தின் பின்வாசலில், என் மகளின் கறுப்பு போஸ்டர் கலரில் கொஞ்சம் கோந்து கலந்து, மஞ்சள் பாகம் ஒவ்வொன்றின் மேலும் பூசினேன். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும், ஒருநாள் கூத்துதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் தாத்தாவுக்கு வாழ்நாளில் சைக்கிள்கூட விடத் தெரியாது. அன்று பத்து மணிக்குள் அவர் செங்கல்பட்டு வரை மோட்டார் சைக்கிளில் போய்வந்துவிட்டார். மேனேஜர் என் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்.

எல்லாரும் அழகான இடப்பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்திருந்த வாடிக்கையாளர் ஒருவர் மட்டும் வலப்பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு பாகமாகப் படம் எடுத்தார். எழுந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன. இந்த வண்டி ஒன்றுகூட உலகத்தில் மிஞ்சவில்லை என்று எங்கள் பழைய மோட்டார் சைக்கிள் சங்கத்தில் நினைத்திருந்தோம், இது அசல்தானே என்று கேட்டார்.

அசல்தான், என் தாத்தாவுடையது என்றேன்.

உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டு நொடி இருந்தது. மேனேஜர் பக்கத்தில் நின்றார். குடும்பத்தில் யாருக்கும் விளம்பரம் பிடிக்காது, படத்தையோ பெயரையோ எங்கும் வெளியிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அவர் கௌரவமான மனிதர். நெஞ்சில் கை வைத்து வாக்குக் கொடுத்தார். வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். கெட்டது அங்கேதான்.

அன்று சாயங்காலமே கறுப்பைத் துடைத்து வண்டியை அக்காவிடம் சேர்த்துவிட்டேன். அடுத்த வருடம் ஒரு மத்தியானம் அக்கா என் வீட்டுக்குள், அழைப்பு மணிகூட அடிக்காமல், ஏறக்குறைய ஓடிவந்தார். கையில் செய்தி மடல்.

"தம்பி, செயின்தான்! செயினேதான்!"

பக்கத்தை விரித்துக் காட்டினார். புகைப்படம் இல்லை, சுத்தமான கோட்டுச் சித்திரம். அந்த வண்டியின் வலப்பக்கம். மாக்னெட்டோ, செயின், மாங்கொட்டை வடிவ மூடி. கீழே, பெயர் சொல்ல விரும்பாத ஓர் இந்தியக் குடும்பத்திடம் இருக்கும் அசல் வண்டியின் படங்களிலிருந்து வரையப்பட்டது என்று போட்டிருந்தது.

"மூடிகூட நான் நெனச்ச மாதிரியே இருக்கு பாரு. நெனச்சேன் தம்பி, வெறுமனே நெனச்சதுதான். அப்படியே இருந்திருக்கு!" என் மனைவி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். "இந்தியாவுலயே ஒண்ணு இருக்காமே. எனக்கு அவங்க அட்ரஸ் வேணும். தூரமா நின்னு ஒருதடவ பாத்துட்டு வந்துடுறேன். நன்றி சொல்லி எழுது, அட்ரஸும் கேளு."

எழுதினேன். நன்றியை எழுதினேன். முகவரி கேட்கிற பத்தியை மட்டும் விட்டுவிட்டு அனுப்பினேன். அந்தக் குடும்பத்துக்காரங்க யாரையும் பாக்க விரும்பலையாம் அக்கா என்று பிறகு சொன்னேன். "பாவம், என்ன கஷ்டமோ அவங்களுக்கு" என்றார். அந்தக் குடும்பம் அப்போது அவருக்கு எதிரே உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தது.

அந்த வாரமே மஞ்சளைச் சுரண்டிவிட்டு எல்லாவற்றுக்கும் கறுப்பு அடித்தார். அவர் வாழ்க்கையில் இரண்டு பக்கமும் கறுப்பாக நின்ற முதல் வண்டி. இரும்புலியூர் பட்டறைக்காரரை வரவழைத்துக் காட்டினார். அவர், "இப்போதான் மேடம் வண்டி வண்டி மாதிரி கீது" என்று விசில் அடித்தார். அக்கா தெருவுக்கே கேக் கொடுத்தார். எனக்கு இரண்டு துண்டு.

சொல்லிவிட வேண்டும் என்று ஆறு முறை அவர் வீட்டுக்குப் போனேன். நகைச்சுவையாக ஆரம்பித்தால் சுலபமாக இருக்கும் என்று வசனமெல்லாம் தயார் செய்துகொண்டு போவேன். போனால் அவர் ஷெட்டில் வேலை எதுவும் செய்யாமல், வண்டியின் வலப்பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆறு முறையும் தண்ணீர் வரி பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து மடலில் ஒரு வாசகர் கடிதம் வந்தது. எழுதியவர் கையில் ஓர் உடைந்த இன்ஜின் கூடு இருந்தது, அதே கடையின் முத்திரையோடு. தன் குடும்பத்தின் பழைய கொட்டகையில் கிடைத்ததாம். அதற்குள் மூன்று பல்சக்கரங்கள் உட்காருவதற்கான குழிகள் தெளிவாக இருக்கின்றன, செயினுக்கு இடமே இல்லை, ஆகவே அச்சான சித்திரத்தில் ஏதோ பிழை இருக்கிறது என்று மிகுந்த பணிவோடு எழுதியிருந்தார்.

அக்கா சனிக்கிழமை மத்தியானம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்தார். அவரை அவ்வளவு கோபமாக நான் பார்த்ததில்லை.

"எழுது தம்பி. அந்த ஆளு உடைஞ்ச கூடு ஒண்ண வெச்சுகிட்டு நெனைக்கிறாரு. வரைஞ்சவரு முழு வண்டியப் பாத்து எடுத்த படத்த வெச்சு வரைஞ்சிருக்காரு. பாத்ததுக்கு முன்னால நெனச்சது நிக்காது. அந்தக் கூடு வேற வண்டியோடதா இருக்கும். இப்படியெல்லாம் எழுதி ஜனங்களக் குழப்பாதீங்கன்னு எழுது. கொஞ்சம் காரமாவே எழுது."

நான் தட்டினேன். அந்த ஆள் கையில் அசல் இருந்தது. எங்கள் கையில் என் தாத்தா இருந்தார். தெரியாததைத் தெரியாது என்று எழுதி மெமோ வாங்கிய ஒருவர், நூறு வருடமாகக் காத்திருந்த ஓர் உண்மையைப் பொய் என்று எழுதச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் 'காரமாக' என்பதற்கு நல்ல ஆங்கிலச் சொல் தேடிக்கொண்டிருந்தேன்.

"அனுப்பு" என்றார்.

விரல் போகவில்லை.

"அக்கா, அந்தப் படத்துல இருக்கிறது உங்க வண்டி."

"என் வண்டி மாதிரியேதான் இருக்கு. அதைத்தானே நானும் சொல்றேன்."

"மாதிரி இல்லக்கா. உங்க வண்டியேதான். ஆபீஸ்ல வெச்சப்ப, மஞ்சள் மேல கறுப்பு அடிச்சேன். எங்க தாத்தா வண்டின்னு சொன்னேன். ஒரு வெள்ளைக்காரர் படம் எடுத்தார்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. மடலை எடுத்துச் சித்திரத்தைப் பார்த்தார். பிறகு வாசகர் கடிதத்தை எடுத்து விரல் வைத்து மெதுவாகப் படித்தார். அவர் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை என்பதை நான் சொல்லியே ஆக வேண்டும்.

"அப்ப மூணு கியர்" என்றார். "நடுவுல ஒண்ணு. அதனாலதான் மாக்னெட்டோ அவ்ளோ தள்ளி இருக்கு. நாலு மாசம் யோசிச்சேன், இது தோணல பாரு."

மடலை மடித்து மேஜையில் வைத்தார்.

"இந்த ரெண்டு மாசம் நான் எவ்ளோ சந்தோஷமா இருந்தேன் தெரியுமா தம்பி?"

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. உண்மையாகவே, எனக்குத் தெரியுமா என்று தெரிந்துகொள்ளக் கேட்டார். தெரியும் என்று சொன்னேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்று சொல்லவில்லை.

"அத அழிச்சிடு. புதுசா எழுது" என்றார். சித்திரத்தில் இருப்பது சென்னையில் செய்த ஒரு நகல். அதைச் சரியான குறிப்பு இல்லாமல் காட்சிக்கு வைத்தது என்னுடைய தவறு. கூடு வைத்திருப்பவர் சொல்வதே சரி. அவரிடமும் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். இவ்வளவுதான் சொன்னார்.

"உங்க தப்பு இல்லையே அக்கா. என் பேரப் போடட்டுமா?"

இதை நான் எந்தக் குரலில் கேட்டேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பந்தியில் கடைசி வடை வேண்டுமா என்று கேட்போமே, அந்தக் குரல்.

"வண்டி என்னுது. குடுத்தது நான். உன் பேரு போடணும்னா போடு. டைப் அடிக்கிறது நீதானே" என்று சொல்லிவிட்டு, காபி டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். உள்ளே என் மனைவியிடம், காபிப் பொடி எந்தக் கடை என்று விசாரிப்பது கேட்டது. பொடி, பால், எங்கள் குழாய்த் தண்ணீர் என்று எல்லாவற்றையும் விசாரித்தார். எனக்கு வேண்டிய நேரம் கொடுத்தார்.

நான் போடவில்லை.

அடுத்த இதழில் கடிதம் அக்காவின் பெயரோடு வந்தது. அதற்கடுத்த இதழில், நகலை அசலாகக் காட்டி உலகத்தை ஏமாற்றப் பார்த்த சென்னைப் பெண்மணியைப் பற்றி மூன்று பேர் எழுதியிருந்தார்கள். இனி அவருடைய கடிதங்களை மடலில் சேர்க்கக் கூடாது என்றார் ஒருவர். அக்கா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு மூன்று பல்சக்கரம் கடைந்து பொருத்தினார். அதற்குப் பிறகு ஆங்கிலத்தில் ஏதாவது எழுத வேண்டுமென்றால் போனில் இருக்கிற மொழிபெயர்ப்பையே வைத்துச் சமாளித்துக்கொண்டார். தெருவில் பார்த்தால் எப்போதும்போல, "நல்லா இருக்கியா தம்பி?" என்பார். இருக்கேன் அக்கா என்றால், மேற்கொண்டு கேட்க மாட்டார். இரண்டு வருடத்துக்கு முன் வீட்டை விற்றுவிட்டு, வண்டிகளோடு நாகர்கோவிலில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

அவருடைய மன்னிப்புக் கடிதம் வந்த இதழ் என்னிடம் இருக்கிறது. நான் அனுப்பியதோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தேன். என் அலுவலகத்தில் நான் எழுதுகிற எதையும் நாலு பேர் திருத்தாமல் வெளியே விடுவதில்லை. அந்தக் கடிதத்தில் அவர்கள் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. 'என்னுடைய தவறு' என்ற வாக்கியம் அவ்வளவு அழகாக அமைந்திருந்தது.